வார்னிஷுக்குக் காய்ச்சல் வந்த நாள்

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். மெல்பேர்ண் புறநகரான ஸ்பிரிங்வேலில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளியல் தொட்டியின் விளிம்பில் குந்தியிருக்கிறேன். தொட்டியில் அரைவாசிக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. குடுவைக்கு ஈரத் துவாய் போர்த்தி, அன்றைய பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே அனல். அப்போதுதான் இந்த நாட்டில் வெப்பத்தை அளக்கும் கணக்கை மாற்றியிருந்தார்கள். வானொலி நாற்பது என்றது. அயலவர்கள் நூற்றுநான்கு என்றார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வெந்துகொண்டிருந்தோம்.

குடுவையின் வாயில் ஒரு தக்கை. அந்தத் தக்கை தடித்த நூலால் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவன் நான்தான். இப்போது அந்த நூல் விறைத்து நின்றது. உள்ளே இருந்தது வெளியே வரப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி பவானி கதவடியில் வந்து நின்றாள். அவள் பால்மாத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். வெக்கை தாங்காமல் எல்லோரையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. முகத்தில் ஒன்றுமில்லை.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. வார்னிஷ்... கொஞ்சம் சூடாப் போச்சு."

அவள் குடுவையைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஏன், வார்னிஷுக்குக் காய்ச்சலோ?"

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், ரோவிலில் இருப்பவர், தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் உண்மையிலேயே இவ்வளவு மடையனாய் இருந்தனீங்களோ, இல்லாட்டிப் பகிடிக்கு எழுதுறியளோ?" என்று கேட்டார். அவருடைய சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்த்து வைப்பதற்காக இந்த வாரத்தை ஒதுக்குகிறேன்.

தெருவில் குடிக்காத ஒரே ஆண்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டான். போலந்து நாட்டவர். யுத்தம் முடிந்து கப்பலேறி வந்து, கார்த் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் குனிந்து நிமிர்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டவர். மனைவி ஹெலனா காலமாகி இரண்டு வருடம். வளவின் பின்புறம் ஆறு தேனீப் பெட்டிகள். வளர்ந்த மகன்மார் இருவர். ஈவா என்று ஒரு மகள்.

அவர் பேசியது போலந்து ஆங்கிலம். நான் பேசியது யாழ்ப்பாண ஆங்கிலம். அந்த இரண்டும் வேலியில் சந்தித்து எப்படியோ சமாதானமாகப் போயின. அதை அப்படியே எழுத எனக்குத் திறமை போதாது. ஆகவே இங்கே ஸ்டானை எங்கள் தமிழில் பேச விடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார்.

நாங்கள் குடிவந்த முதல் கோடையில் ஸ்டான் எங்களைத் தன் வீட்டு முற்றத்து விருந்துக்கு அழைத்தார். இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாணும் உருளைக்கிழங்குச் சலாதும் சாப்பிட்டோம். ஸ்டான் ஒரு குளிர்ந்த பியர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். எனக்கு மிகவும் விருப்பம். ஆனால் பக்கத்தில் பவானி நின்றாள். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய வீட்டார் வெள்ளிக்கிழமைகளில் உள்ளிப்பூண்டே சேர்க்காதவர்கள்.

"நான் குடிக்கிறேல்லை" என்றேன்.

கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரித்து விழுவார்கள். போகட்டும். ஸ்டான் அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு யோகநாதனாகிய என்னை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "இவர் யோகா, இந்தத் தெருவிலை குடிக்காத ஒரே ஆம்பிளை" என்றுதான் சொல்வார். நானும் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொள்வேன்.

அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது. கார்த்திகை மாத முடிவில், நவம்பர் கடைசியில் ஒரு காலை, ஸ்டான் தோட்டத்துத் தள்ளுவண்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். வண்டியில் போர்வை சுற்றிய மூன்று குடுவைகள். குழந்தைகளைப் படுக்க வைத்தது போல வைத்திருந்தார்.

"யோகா, நாளைக்கு என்னை ஆசுப்பத்திரியிலை மறிக்கப்போறாங்கள். முதுகை வெட்டிப் பாக்கவேணுமாம். ரெண்டு மூண்டு மாசம் செல்லும். இதை நீர்தான் வைச்சுப் பாதுகாக்கவேணும்."

"என்ன இது, மிஸ்டர் ஸ்டான்?"

தேனைத் தண்ணீரில் கரைத்து, நொதிக்க வைத்து, வருடக்கணக்காக முதிர விட்டுச் செய்கிற மது. ஆங்கிலத்தில் மீட் என்பார்கள். ஈஸ்டர் கழிந்த பிறகு ஈவாவின் கலியாணம்; அன்றைக்குத் திறப்பதற்காக வைத்திருப்பது. அவருடைய வீட்டில் விட்டுவிட்டுப் போனால் மகன்மார் டிசம்பர் நத்தாருக்கு முன்னமே முடித்துவிடுவார்கள். ஈவா தங்கியிருக்கும் வாடகை அறையோ மேல்மாடியில், கூரைக்குக் கீழே, பாண் சுடுகிற போறணை மாதிரி.

"உம்மடை வீடுதான் பாதுகாப்பு" என்றார். "நீர்தானே தொடமாட்டீர்."

ஒவ்வொரு குடுவையின் வாயிலும் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் செருகியிருந்தது. வளைவில் சிறிது தண்ணீர். உள்ளே வாயு உண்டானால் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வர முடியாது. அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். குடுவை கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும், காற்றுத்தான் எதிரி என்றார். ஆட்டக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, வீட்டிலேயே மிகக் குளிர்ச்சியான அறையில் வைக்க வேண்டும் என்றார். போகும்போது திரும்பி வந்து, "குளிர்ச்சியான அறை" என்று இன்னொரு முறையும் சொன்னார்.

அவர் போனதும் பவானி கேட்டாள். "என்ன அது?"

"வார்னிஷ்" என்றேன். "ஸ்டான் கதிரை மேசைக்குப் பூசுறது."

"ஓ" என்றாள்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம், தேன் மணக்கிற மூன்று குடுவைகளைக் காட்டி வார்னிஷ் என்று சொல்லிவிட்டு, அவள் நம்பிவிட்டாள் என்று ஒரு மாதத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தவன் நான்.

சூரியனை வீட்டுக்குக் கொண்டுவராதவன்

குளிர்ச்சியான அறை எது? இதற்கு நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. வடக்குப் பக்கத்துச் சின்ன அறை; வெறும் பெட்டிகள் கிடந்ததால் பவானி அங்கே போவதே இல்லை.

யாழ்ப்பாணத்தில் தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழலில் குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேல், வடக்கு குபேரனுடைய திசை, தெற்கு யமனுடையது. ஒருவர் நம்பித் தந்த பொருளைக் கொண்டுபோய் யமனிடம் ஒப்படைக்க முடியுமா? மூன்று குடுவைகளையும் வடக்கு அறையில், தரையில் வைத்தால் மரியாதைக் குறைவு என்று ஒரு பலகைமேல் ஏற்றி, திரைச்சீலையை இழுத்து மூடினேன். மனதுக்குள் ஒரு திருப்தி.

நான் என்ன வேலை செய்தேன் என்று சொன்னேனா? நில அளவை. மெல்பேர்ணில் ஓர் அளவை நிறுவனத்தில், சூரியனின் நிலையைப் பார்த்துத் திசை கணிப்பது என் அன்றாட வேலை. பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கால் போகும், வடக்குச் சுவர்தான் வெயிலை வாங்கும் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டான். சேர்ந்த முதல் கிழமையே ஒரு கணிப்பைத் தலைகீழாகப் போட்டு, மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் சுழித்துத் தந்த தாள் என் மேசையில் இருந்தது.

ஆனால் அந்த அறிவு அலுவலகத்துக்கு உரியது. மாலை ஐந்து மணிக்கு அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் சூரியன் மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். நாடு மாறிய பலருக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் அதை வாரப் பத்திரிகையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

எவர்சில்வர் பேணி

மார்கழியில், டிசம்பரின் முதலாம் சனிக்கிழமை. பவானி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்கத்தான் வடக்கு அறைக்குப் போனேன். இதை நான் சத்தியம் பண்ணியும் சொல்வேன்.

நல்ல மணம். மருந்து பழுதாகிவிட்டதா என்று பார்க்கிற ஆள் போல எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஓரக் குடுவையின் குழாயைக் கழற்றி, ஒரு சுத்தமான ரப்பர்க் குழாயால் எவர்சில்வர் பேணியில் ஒரு வாய் எடுத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று, ஜன்னல் இடுக்கால் பவானியின் கையில் இன்னும் எத்தனை உடுப்பு இருக்கிறது என்று எண்ணியபடி, ஒரே மடக்கில் விழுங்கினேன்.

அடுத்த சனியும் உடுப்புக் காயப்போட்டாள். அதற்கு அடுத்த சனியும். இடையில் இரண்டு புதன்கிழமை படுக்கை விரிப்புகளும், ஒரு ஞாயிறு துவாய்களும் தோய்த்தாள். எல்லாமாக ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் பேணியைக் கழுவி, வாயையும் கழுவி, ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு வெளியே வருவேன். திடீரென்று எனக்குக் கராம்பில் இவ்வளவு விருப்பம் ஏன் வந்தது என்று பவானி ஒருநாளும் கேட்கவில்லை.

நத்தாருக்கு முன்னர் ஒருநாள் பார்க்கிறேன், ஓரக் குடுவை கழுத்திலிருந்து நான்கு விரல் இறங்கியிருந்தது. எனக்கு வியர்த்தது. நிறைந்திருக்க வேண்டும், காற்றுத்தான் எதிரி என்றாரே!

படித்த மூளை உடனே வேலை செய்தது. இது எதனால் செய்தது? தேனும் தண்ணீரும். அப்படியானால் குறைந்த இடத்தைத் தேனாலும் தண்ணீராலும் நிரப்பினால் சரிதானே? கடையில் நல்ல தேன் ஒரு போத்தல் வாங்கி, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, துணியால் வடித்துக் கழுத்துவரை விட்டேன். நிறம்கூடப் பொருந்தியது. நேர்மையாக நடந்துகொண்டுவிட்டேன் என்று அன்று உண்மையிலேயே நினைத்தேன்.

உள்ளே உறங்கிக்கொண்டிருந்த, நொதிக்க வைக்கும் ஈஸ்டுக்கு நான் விருந்து வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. பவானியிடம் கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் அது வார்னிஷ் அல்லவா, எப்படிக் கேட்பது?

அவள் எப்படி இருக்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டானைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தலையைத் திருப்பக்கூட அனுமதி இல்லை. கூரையைப் பார்த்தபடி கேட்பார்.

"அவள் எப்பிடி இருக்கிறாள்?"

மதுவைத்தான் அவர் அப்படிச் சொல்வார். நானும், "நல்லா இருக்கிறாள்" என்பேன். பொய் சொல்வதற்கு வசதியான நோயாளி. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியாது.

தேன் விட்டு நிரப்பிய பிறகு வந்த ஞாயிறு, ஸ்டான் வழமைக்கு மாறாகப் பேச்சுக்காரராக இருந்தார்.

"உமக்குச் சொன்னனானோ, யோகா? அது நான் செய்ததில்லை. ஹெலனா செய்தது."

நான் அவருக்கென்று கொண்டுபோன கொடிமுந்திரிகைக் குலையிலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன்.

"வருத்தம் எண்டு தெரிஞ்ச பிறகு செய்தவள். அவளின்ரை தேனீ, அவளின்ரை தேன். மூண்டு வருசமாவது கிடக்கவேணும். தான் இருக்கமாட்டன் எண்டு அவளுக்குத் தெரியும். ஈவாவின்ரை கலியாணத்துக்கு எண்டு சொல்லி மூடி வைச்சவள். நான்கூட இன்னும் ருசி பாக்கேல்லை. ஒருத்தரும் பாக்கேல்லை."

நான் இன்னொரு முந்திரிகைப் பழத்தைப் பிய்த்தேன். பிறகு இன்னொன்று. அவர் பேசி முடித்தபோது குலையில் காம்புதான் மிஞ்சியிருந்தது. நோயாளிக்குக் கொண்டுபோன பழத்தை முழுவதும் நானே தின்றுவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை. எழுந்து போய் எங்கேயாவது முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிற வெட்கம். இறந்துபோன ஒரு தாய் தன் மகளின் கலியாணத்துக்கென்று மூடி வைத்ததை நான் கதவுக்குப் பின்னால் நின்று களவெடுத்துக் குடித்திருக்கிறேன். அது போதாதென்று கடைத் தேனை வேறு கலந்து வைத்திருக்கிறேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லுவோம் என்று எழுந்து வந்தேன். அடுத்த ஞாயிறும், "நல்லா இருக்கிறாள்" என்றுதான் சொன்னேன்.

தியானத்தில் ஒரு சத்தம்

அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் எங்களுக்கென்று கோயில் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடித் தேவாரம் பாடுவோம். தை பிறக்க முன்னர் எங்கள் முறை வந்தது.

சிவலிங்கம் அங்கிள்தான் எங்களுக்குக் குருக்கள், ஓதுவார், எல்லாம். தொழிலால் தண்ணீர்க் குழாய்ப் பொறியியலாளர். தேவாரம் முடிந்ததும் இரண்டு நிமிடம் எல்லோரும் கண்ணை மூடித் தியானம் செய்ய வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

கண்ணை மூடினோம். வீடு நிசப்தமானது. வடக்கு அறையிலிருந்து "ப்ளுக்" என்று ஒரு சத்தம்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் "ப்ளுக்."

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். சிவலிங்கம் அங்கிளும் ஒரு கண்ணைத் திறந்திருந்தார்.

தியானம் முடிந்ததும், "தம்பி, உம்மடை வீட்டிலை எங்கையோ பைப் ஒழுகுது" என்றார். "நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

"ஐயோ, வேண்டாம் அங்கிள். அது... அது வழமையா வாற சத்தம்."

"வழமையா வாறதெண்டா இன்னும் மோசம். சுவருக்குள்ளை ஈரம் போகும். எந்த அறை?"

அவரை எழும்ப விடாமல் கையில் மோதகத் தட்டைக் கொடுத்தேன். ஒன்று முடிய இன்னொன்று. அன்று அவர் எத்தனை மோதகம் சாப்பிட்டார் என்று சொன்னால் அவருடைய பிள்ளைகள் என்மேல் கோபிப்பார்கள். பவானி ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு வடக்கு அறைக்கு ஓடினேன். மற்ற இரண்டு குடுவைகளும் சத்தமின்றி இருந்தன. நான் தேன் விட்ட குடுவை மட்டும் குழாயால் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு உயிர் வந்துவிட்டது. அதை அப்படியே மூச்சுவிட விட்டிருந்தால்கூட ஒன்றும் நடந்திராது.

ஆனால் அடுத்த வாரம் அங்கிள் கருவிப்பெட்டியோடு வந்து நின்றால்? யோகநாதன் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறான் என்று டான்டினோங்வரை கதை போனால்? குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுத் தக்கையை அடித்து இறுக்கி, நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். சத்தம் நின்றது.

ஹெலனா செய்தது என்று தெரிந்த பிறகும் அதைச் செய்தேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பெண்ணின் கடைசி மதுவைவிட, நாலு தமிழ்க் குடும்பங்கள் என்னைப்பற்றி என்ன நினைக்கும் என்பதுதான் பெரிதாகப் பட்டது.

அடுத்த வாரம் வெக்கை தொடங்கியது. வடக்குச் சுவர் தோசைக்கல்லாகக் காய்ந்தது. மூன்றாம் நாள் அறைக்குள் போய்ப் பார்த்தேன். தக்கை நூலைத் தள்ளிக்கொண்டு மேலெழும்பியிருந்தது. குடுவையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். அங்கேதான் பவானி என்னைக் கண்டுபிடித்தாள்.

பவானியின் ஆய்வுகூடம்

"எழும்புங்கோ" என்றாள். "முகத்தை அங்காலை திருப்புங்கோ. இது வெடிச்சால் கண்ணாடி நேரே கண்ணுக்குத்தான் வரும். இதை எப்பிடி இஞ்சை கொண்டுவந்தனீங்கள்?"

"தூக்கிக்கொண்டு."

"நெஞ்சோடை அணைச்சோ?"

ஓம் என்று தலையாட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடுவைக்காக இல்லை.

கட்டிலிலிருந்த தடித்த கம்பளியை உருவி வந்து, நனைத்து, குடுவையை இரண்டு சுற்றாகச் சுற்றினாள். தொழிற்சாலையின் பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டாள். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். அந்தக் கம்பளிக்கு மேலால் கையை விட்டு, தக்கையை உள்ளங்கையால் அமத்தியபடி, நூலை ஒவ்வொரு சுற்றாக அறுத்தாள். பிறகு தக்கையை ஒரு நூலளவு அசைத்தாள். "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு. மறுபடி அமத்தினாள். மறுபடி ஒரு நூலளவு.

ஏழெட்டுத் தடவை பொறுமையாகச் செய்தாள். ஒன்பதாவது தடவை, "முடிஞ்சுதோ?" என்று நான் தலையை நீட்டவும் தக்கை அவள் கையை மீறிப் பறக்கவும் சரியாக இருந்தது. நுரை கூரைக்கு அடித்தது. கூரையிலிருந்து என் தலைக்கு வந்தது. அவள் தலையில் ஒரு துளி இல்லை.

"வார்னிஷ் நல்லாத்தான் பிடிக்குது" என்றாள், என்னைப் பார்த்து.

எல்லாவற்றையும் சொன்னேன். பியரில் தொடங்கி மோதகம்வரைக்கும். ஹெலனா செய்தது என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அவள் நனைந்த கம்பளியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேன் ஏன் விட்டனீங்கள்? மட்டம் குறைஞ்சால், பெடியள் விளையாடுற கண்ணாடிப் போளையை அவிச்சுக் கழுவி ஒவ்வொண்டாப் போட்டிருக்கலாமே. தானா ஏறியிருக்கும்."

நில அளவை படித்த நான் தலையில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, மற்ற ரெண்டும் எங்கை?"

"வடக்கு அறையிலை. குளிர்ச்சியா இருக்கட்டும் எண்டு."

"வடக்கோ!" என்றாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மற்ற இரண்டின் குழாய்த் தண்ணீரும் வெக்கையில் வற்றும் நிலைக்கு வந்திருந்தது. இரண்டையும் ஆட்டாமல் தெற்குப் பக்கத்து எங்கள் படுக்கையறைக்கு மாற்றினோம். என்னை ஐஸ் வாங்கிவர அனுப்பினாள். நான் போய் வரும்போது குழாய்களில் புதுத் தண்ணீர் இருந்தது. குடுவைகள் ஈரத் துணி சுற்றி நின்றன.

"தப்பிச்சுது" என்றாள். "ரெண்டும் சோக்கா இருக்கு. இனி நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டோ?"

ஸ்டான் கேட்டது

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் சொல்ல மனம் வரவில்லை; ஸ்டான் மாசி மாதம் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளே குடுவைகளை எங்கள் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். பவானியும் கூடவே வந்தாள். "நீங்கள் கதையுங்கோ, நான் சும்மா பக்கத்திலை நிக்கிறன்" என்றாள்.

ஸ்டான் தன் குசினியில் முதுகு நிமிர்ந்த ஒரு மரக் கதிரையில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். குடிக்காதவன் என்று சொன்னது பொய். ஆறு தடவை எடுத்தேன். தேன் விட்டேன். தக்கை அடித்தேன். ஒரு குடுவை போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடம் பொய் சொன்னேன். எழுதி மனப்பாடம் செய்து கொண்டுபோன மன்னிப்பு வாசகம் பாதியில் மறந்துபோனது.

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். கழுத்துவரை நிறைந்த இரண்டு குடுவைகளையும், அரைவாசிக்குக் கலங்கிப்போன மூன்றாவதையும் மாறி மாறிப் பார்த்தார். போ என்று சொல்லுவார், இனி வேலிப்பக்கம் வராதே என்று சொல்லுவார் என்று நின்றேன். சொன்னாலும் அது நியாயம்தான்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"குடிச்சனீர்தானே. தேன் விடமுதல். ஹெலனா செய்தது எப்பிடி இருந்தது?"

ஆறு தடவை குடித்திருக்கிறேன். பேணியின் விளிம்பு ஞாபகம் இருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. கராம்பின் காரம்கூட ஞாபகம் இருந்தது. மதுவின் ருசி ஞாபகம் இல்லை. அவசரத்தில் நான் அதை ருசித்ததே இல்லை. அந்த மனிதர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதையும் கொடுக்க என்னிடம் இல்லை.

"எனக்குத் தெரியேல்லை, மிஸ்டர் ஸ்டான்" என்றேன். நான் அவருக்குச் சொன்ன உண்மைகளில் அதுதான் மிகக் கேவலமானது.

அப்போது பவானி ஒரு அடி முன்னால் வந்தாள். ஆய்வுகூடத்து அறிக்கை வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக, தன் கவனமான ஆங்கிலத்தில் சொன்னாள்.

"முதல்லை பூ மணம். பிறகு இனிப்பு, ஆனா நாக்கிலை ஒட்டுற இனிப்பு இல்லை. விழுங்கினாப்பிறகு, கடைசியிலை, ஒரு சின்னக் கசப்பு. ஆரஞ்சுத் தோடம்பழத் தோல் மாதிரி."

ஸ்டான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தோடம்பழத் தோல்" என்றார். "போடாதை, போடாதை எண்டு ஒவ்வொரு வருசமும் சொல்லுவன். கேக்கமாட்டாள்."

அவருடைய கண்கள் நிறைந்தன. துடைக்கவும் இல்லை. இன்னொருதரம் சொல்லச் சொன்னார். பவானி இன்னொருதரம் சொன்னாள். பூ மணம், இனிப்பு, கடைசியில் கசப்பு. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டார்.

"கலியாணத்துக்கு ரெண்டு காணும், போதும்" என்றார், பிறகு.

திரும்பி வரும்போது வெறும் தள்ளுவண்டியைத் தள்ளியபடி வந்தேன். எங்கள் படலையடியில்தான் கேட்கத் துணிவு வந்தது.

"நீர் எப்ப குடிச்சனீர்?"

"நீங்கள் ஐஸ் வாங்கப் போனபோது. பழுதாப் போச்சோ எண்டு பாக்கத்தானே வேணும்."

"எத்தினை தரம்?"

பவானி படலையைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருக்காத்தான். ஆனா நான் கதிரையிலை இருந்து குடிச்சனான்."